வாசகர் கேள்வி பதில்: 'என்வைரன்ஸ்' எதுவரைக்கும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. ஓர் இடத்தைச் சுற்றியிருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள், எதை எங்கே எழுதுவது என்ற கேள்விகள். அதனால் இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி: மதுரையைப் பற்றிய சுற்றுலாக் கையேடு ஒன்றில் 'மதுரை அண்ட் இட்ஸ் என்வைரன்ஸ்' என்று தலைப்புப் போட்டிருந்தது. 'என்விரான்மெண்ட்' என்பதைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அகராதியிலோ அப்படி ஒரு சொல் இருக்கிறது. எது சரி? (வாசகி, திருமங்கலம்)

பதில்: அச்சுப்பிழை கிடையாது. என்வைரன்ஸ் தனிச்சொல். ஓர் ஊரை, அதிலும் பெரும்பாலும் ஒரு நகரத்தை, சுற்றியிருக்கிற பகுதிகள் என்று அதற்குப் பொருள். தமிழில் இதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிற சொல் சுற்றுவட்டாரம். பேச்சில் 'சுத்துப்பட்டு' என்போமே, சுத்துப்பட்டு பதினெட்டுப் பட்டி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். ஆனால் நம் சுத்துப்பட்டு டீக்கடையிலும் புழங்கும், ஆங்கிலச் சொல் அப்படிப் புழங்காது. அது எழுத்துநடைக்கு உரியது. லண்டனில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போது 'அரவுண்ட் ஹியர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பயணக் கையேடு, வரலாற்று நூல், நாளிதழ்க் கட்டுரை, அலுவலக அறிக்கை, இவற்றில்தான் என்வைரன்ஸைப் பார்க்கலாம்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது, அதற்கு எல்லைக்கோடு கிடையாது என்பதுதான். கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், ஆனால் ஊர் இருப்பதோ சிவகங்கை மாவட்டத்தில். 'மதுரை மாவட்டத்தில் பார்க்கவேண்டிய இடங்கள்' என்று தலைப்பு வைத்தால் கீழடியை விட்டுவிட வேண்டும், மதுரைக்கு வருகிறவரோ முதலில் கேட்பது கீழடிக்கு எப்படிப் போவது என்றுதான். 'மதுரை அண்ட் இட்ஸ் என்வைரன்ஸ்' என்று வைத்துவிட்டால் கீழடியும் வரும், அழகர்கோவிலும் வரும், யானைமலையும் வரும், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் வரும். ஆரோவில்லுக்கும் இதே கதைதான். எல்லோரும் பாண்டிச்சேரி என்று சொல்லித்தான் போகிறோம், ஆனால் அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது வேறொரு அரசின் கீழ் இருக்கிறது. 'பாண்டிச்சேரி அண்ட் இட்ஸ் என்வைரன்ஸ்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. உங்களிடம் இருக்கும் கையேட்டை எழுதியவர் யோசித்துத்தான் அந்தத் தலைப்பை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எல்லை இல்லாததால் ஒரு சங்கடமும் உண்டு, நகரம் வளர வளர அதன் சுற்றுவட்டாரம் வெளியே நகர்ந்துகொண்டே போகும். டேனியல் லைசன்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1792 முதல் 1796 வரை 'தி என்வைரன்ஸ் ஆஃப் லண்டன்' என்று பல தொகுதிகளாக ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அந்தச் சொல்லை மட்டும் போட்டால் எதுவரைக்கும் என்று வாசகர் கேட்பார்கள் என்று தெரிந்துதானோ என்னவோ, தலைநகரிலிருந்து 12 மைலுக்குள் இருக்கும் ஊர்கள், கிராமங்கள் என்று நூலின் நீண்ட தலைப்பிலேயே வரையறுத்துவிட்டார். அதில் அவர் தனித்தனி ஊராக வைத்து எழுதுகிற செல்சீ, ஹாம்ஸ்டெட், ஹாக்னி, இஸ்லிங்டன், விம்பிள்டன் எல்லாம் இன்றைக்கு லண்டனுக்குள்ளேயே இருக்கின்றன. மதுரையிலும் நடந்திருக்கிறது. திருப்பரங்குன்றம் தனி நகராட்சியாக இருந்தவரை மதுரையின் சுற்றுவட்டாரம் என்று சொல்லத் தடையில்லை, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு அதை என்வைரன்ஸ் கணக்கில் எழுதுவதைவிட மதுரைக்குள் என்று எழுதுவதே சரி.

இலக்கணத்தில் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றுதான், இது எப்போதும் பன்மை. கடைசி எஸ்-ஐ வெட்டிவிட்டு 'ஆன் என்வைரன்' என்று எழுதக்கூடாது, 'தி என்வைரன்ஸ் ஆர்' என்று பன்மை வினைதான் வர வேண்டும். எஸ் இல்லாத 'என்வைரன்' வினைச்சொல்லாக, சூழ்ந்திரு என்ற பொருளில், பழைய எழுத்தில் கண்ணில் படும். நாம் எழுத வேண்டியதில்லை. உச்சரிப்பில் அழுத்தம் 'வை' மேல் விழும்: இன்-வை-ரன்ஸ். உங்கள் மகள் சொன்ன சொல்லுக்கும் அதே அழுத்தம்தான், நாம் வழக்கத்தில் 'என்விரான்மெண்ட்' என்று சொன்னாலும் ஆங்கிலத்தில் அது 'இன்வைரன்மென்ட்'. ஆமாம், அந்தச் சொல்லில் 'எம்' (m) எழுத்துக்கு முன்னால் இருக்கிற 'என்' (n) எழுத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விளம்பரப் பலகைகளில்கூடப் பார்க்கலாம். உள்ளே என்வைரன் முழுசாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த எழுத்து விடுபடாது.

கேள்வி: சிறு பத்திரிகை ஒன்றுக்கு மொழிபெயர்ப்பு செய்கிறேன். 'தி டெம்பிள் அண்ட் இட்ஸ் என்வைரன்ஸ்' என்பதை 'கோயிலும் அதன் சுற்றுச்சூழலும்' என்று எழுதினேன். ஆசிரியர் திருத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஆசிரியர் திருத்தியது சரி. வேர் ஒன்றுதான், வேலை வேறு. என்வைரன்ஸ் என்றால் நிலப்பரப்பு, ஊர்கள், தெருக்கள், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியவை. என்வைரன்மென்ட் என்றால் ஓர் உயிரின் மேல் செயல்படுகிற எல்லாமும்: காற்று, நீர், வெப்பம், மனிதர்கள், பழக்கங்கள். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள், நீர், காற்று, நிலம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் அவற்றுக்கும் மனிதர், பிற உயிரினங்கள், தாவரங்கள், நுண்ணுயிர்கள், உடைமைகள் ஆகியவற்றுக்கும் இடையிலான உறவையும் சேர்த்துத்தான் என்வைரன்மென்ட் என்று அது சொல்கிறது. உறவு என்ற அந்த ஒன்று என்வைரன்ஸில் இல்லை.

இந்த அகன்ற பொருள் பிறகு வந்தது. 1828இல் தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளர் ஜெர்மன் கவிஞர் கதேயைப் பற்றி எழுதும்போது 'உம்கெபுங்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு நிகராக என்வைரன்மென்டை எடுத்துக்கொண்டார். அப்புறம் ஹெர்பர்ட் ஸ்பென்சர் போன்றவர்கள் உயிரினமும் அதன் சூழலும் என்ற பொருளில் அதை அறிவியல் எழுத்துக்குள் பரப்பினார்கள். என்வைரன்ஸ் அதற்கு முன்பிருந்தே ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்றும் அதே வேலைதான்.

ஆக, உங்கள் வாக்கியத்துக்கு 'கோயிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும்' போதும். 'கோயிலும் சுற்றுவட்டாரமும்' என்று எழுதினால் கொஞ்சம் பெரிய பரப்பு மனசில் வரும், பத்துப் பதினைந்து ஊர்கள் வரும். மூலத்தில் பேசப்படுவது நாலு தெருவா, நாற்பது கிராமமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கோயிலைச் சுற்றிக் குப்பை, சாக்கடை என்று அந்தக் கட்டுரை பேசினால்கூட சுற்றுப்புறம் என்பதே பொருந்தும். சுற்றுப்புறத் தூய்மை என்றுதானே பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினோம்.

கேள்வி: பள்ளி அலுவலகத்தில் ஆங்கிலச் சுற்றறிக்கை தயாரிப்பது என் வேலை. 'இன் தி ஸ்கூல் என்வைரன்ஸ்' என்று எழுதலாமா, பிரெமிசஸ் என்று எழுத வேண்டுமா? கேம்பஸ், பிரெசிங்க்ட்ஸ் வேறு இருக்கின்றன. (வாசகர், ஈரோடு)

பதில்: பிரெமிசஸ் எழுதுங்கள். பள்ளிக்குச் சொந்தமான கட்டடமும் நிலமும் பிரெமிசஸ், மதிலுக்கு வெளியே இருக்கும் தெருவும் கடைகளும் என்வைரன்ஸ். மாணவர்கள் பிரெமிசஸில் கைப்பேசி வைத்திருக்கக்கூடாது என்று உத்தரவு போடலாம், என்வைரன்ஸில் வைத்திருக்கக்கூடாது என்று போட்டால் எந்தத் தெருவரை என்று பெற்றோர் கேட்பார்கள்.

இதனால்தான் சட்டம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அளவைச் சொல்லிவிடுகிறார்கள். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னங்களுக்கு 2010 திருத்தத்தின்படி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கும் அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. யாரையாவது கட்டுப்படுத்தப் போகிற வாக்கியமா, அங்கே என்வைரன்ஸ் வேண்டாம், அளவைப் போடுங்கள்.

பிரெமிசஸ் வந்த வழி நம் பத்திர எழுத்தாளர்களுக்கு உடனே புரியும். லத்தீனில் 'முன்னே வைக்கப்பட்டவை' என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் பத்திரங்களில் சொத்தை முதலில் ஒருமுறை விவரமாக எழுதிவிட்டு, பின்னால் வரும்போதெல்லாம் 'தி பிரெமிசஸ்' என்று எழுதினார்கள், நம் பத்திரத்தில் 'மேற்படி சொத்து' என்று வருகிறதே அதே மாதிரி. அந்த 'மேற்படி' நாளாவட்டத்தில் வீட்டுக்கும் நிலத்துக்குமே பெயராகிவிட்டது. தர்க்கத்தில் ஒரு வாதத்துக்கு முன்னால் வைக்கிற கூற்றையும் பிரெமிஸ் என்பார்கள், அது ஒருமையில் வரும். இடத்தைச் சொல்லும்போது பன்மை மட்டுமே. 'ஸ்கூல் பிரெமிஸ்' என்று எழுதிவிடாதீர்கள். முன்னால் 'ஆன்' போடுங்கள்: 'ஆன் தி ஸ்கூல் பிரெமிசஸ்'. நம் நாட்டில் 'இன்' பரவலாக ஓடுகிறது, அதனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை, ஆனாலும் சுற்றறிக்கை என்றால் 'ஆன்' தான் நல்லது.

கேம்பஸ் கல்லூரி, பல்கலைக்கழகம், பெரிய நிறுவனங்களின் வளாகத்துக்கு. பிரெசிங்க்ட்ஸ் கொஞ்சம் கனமானது, கச்சை கட்டுவதுபோல் ஓர் இடத்தைச் சுற்றிக் கட்டுவது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது, அதனால் கோயிலுக்கும் கதீட்ரலுக்கும் அழகாகப் பொருந்தும். ஸ்ரீரங்கத்தை நினைத்துப் பாருங்கள். ஏழு திருச்சுற்றுகள், மக்கள் குடியிருக்கிற உத்திர வீதியும் சித்திரை வீதியும்கூட மதில்களுக்கு உள்ளே. மதிலுக்குள் இருக்கிற அத்தனையும் 'டெம்பிள் பிரெசிங்க்ட்ஸ்'. கொள்ளிடக் கரையும் திருவானைக்காவலும் என்வைரன்ஸ். அமெரிக்காவில் பிரெசிங்க்ட் என்றால் காவல் சரகம் அல்லது வாக்குச்சாவடி வட்டம், அது தனி வழக்கு.

கேள்வி: பிரெஞ்சு வகுப்பில் 'ஆன்விரோன்' என்றால் 'ஏறக்குறைய' என்று சொல்லித் தந்தார்கள். எண்ணுக்கு முன்னால் வருகிற இந்தச் சொல்லுக்கும் ஆங்கில என்வைரன்ஸுக்கும் தொடர்பு இருக்கிறதா? (மாணவி, புதுச்சேரி)

பதில்: இருக்கிறது, ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சில் 'விரோன்' என்றால் வட்டம். அதற்கும் பின்னால் 'விரே', திரும்பு, சுழல் என்ற வினை இருக்கிறது. வண்டி சட்டென்று திசை மாறுவதைச் சொல்லும் ஆங்கில 'வியர்' அந்த வினையிலிருந்து வந்ததுதான். வட்டமாகச் சுற்றி இருப்பது சுற்றுவட்டாரம் ஆயிற்று. பத்தைச் சுற்றி, அதாவது ஒன்பதோ பதினொன்றோ, என்று வரும்போது 'ஏறக்குறைய பத்து' ஆயிற்று. நேரத்தைச் சொல்லும்போது பன்மையிலேயே வரும், நண்பகல் வாக்கில் என்பதற்கு நண்பகலின் 'ஆன்விரோன்' என்பார்கள், நீங்கள் அடுத்த பாடங்களில் பார்ப்பீர்கள்.

மொழிகள் பலவும் இப்படித்தான் செய்கின்றன. ஆங்கில 'அபௌட்' முதலில் சுற்றிலும் என்ற பொருளில் இருந்து பிறகுதான் ஏறக்குறையவுக்கு வந்தது. 'இன் தி விசினிட்டி ஆஃப் ஃபைவ் குரோர்' என்று வணிகச் செய்திகளில் படித்திருப்பீர்கள், அதுவும் இதே போக்கு. நாமும் 'கிட்ட' என்பதிலிருந்துதானே 'கிட்டத்தட்ட நூறு பேர்' என்கிறோம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆங்கில என்வைரன்ஸுக்கு இந்த எண் பொருள் வரவே இல்லை. 'என்வைரன் டென் பீப்பிள்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது.

பாரிஸுக்குப் போகிற ஆங்கிலேயர்களுக்கு இந்தச் சொல் நன்றாகவே பழக்கம். பேடெக்கர் என்ற ஜெர்மன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் போட்ட பாரிஸ் கையேட்டின் பெயரிலேயே என்வைரன்ஸ் இருந்தது. பாரிஸிலிருந்து 20 கிலோமீட்டர் போல இருக்கும் வெர்சாய் அரண்மனை அந்தக் கணக்கில்தான் வரும்.

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறேன். சரவுண்டிங்ஸ் என்று எழுதாமல் என்வைரன்ஸ், விசினிட்டி என்று எழுதினால் மதிப்பெண் கூடுமாமே? (வாசகர், திருச்சி)

பதில்: அப்படி நம்பிச் செலவழிக்கிற நேரத்தை வேறு எதிலாவது போடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை, சொல்வளம் அதில் ஒன்று. அங்கேயும் அதிகம் புழங்காத சொல்லை எழுதினால் மட்டும் போதாது, எந்தச் சொல்லோடு எது சேரும், எந்த நடைக்கு எது பொருந்தும் என்ற உணர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 'குழந்தைகள் பாதுகாப்பான என்வைரன்ஸில் வளர வேண்டும்' என்று எழுதினால் சொல் பெரிசு, இடம் தப்பு. அங்கே என்வைரன்மென்ட் தான்.

ஒவ்வொன்றும் எங்கே நிற்கும் என்று பார்த்துவிடுவோம். சரவுண்டிங்ஸ் எங்கேயும் செல்லும், மனிதரைச் சுற்றி, வீட்டைச் சுற்றி, ஊரைச் சுற்றி, எதுவானாலும் சரி, சந்தேகம் வந்தால் இதை எழுதிவிடுங்கள். புது ஊருக்குப் போனவர் தன் சரவுண்டிங்ஸுக்குப் பழகுவார். நெய்பர்ஹுட் நம் அக்கம்பக்கம், அதில் ஆட்கள் இருக்கிறார்கள். தில்லி வானிலை அறிக்கையில் 'டெல்லி அண்ட் நெய்பர்ஹுட்' என்று வருவது அலுவலக வழக்கு, அதே இடத்தில் சென்னைக்குத் தமிழில் 'சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளில்' என்று கேட்டுப் பழகிவிட்டோம். விசினிட்டி ஒரு புள்ளிக்கு அருகாமை, விபத்து நடந்த இடத்தின் விசினிட்டியில் ஒரு கேமரா இருந்தது என்று எழுதலாம், காவல்துறைக் குறிப்புகளில் இதுதான் வரும். அவுட்ஸ்கர்ட்ஸ் ஊரின் விளிம்பு, ஊருக்குள் சேர்ந்தது. என்வைரன்ஸ் அந்த விளிம்பையும் தாண்டியது.

கிரிக்கெட் செய்திகளில் சேப்பாக்கத்தின் 'ஃபெமிலியர் என்வைரன்ஸ்' என்கிற மாதிரி வாக்கியங்களைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் நகரத்துக்குத்தான் வரும் என்கிறீர்களே என்று கேட்காதீர்கள். ஒரு மைதானம், ஒரு ஓட்டல், ஒரு அலுவலகம் என்று சிறிய இடங்களின் சூழலையும் இந்தச் சொல்லால் சொல்வது உண்டு, அகராதிகள் அதையும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. விளையாட்டு நிருபர் கையில் அது நன்றாக இருக்கும். தேர்வுத்தாளில் செயற்கையாகத் தெரியும், அதனால் நகரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மில்யூ என்றால்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஒருவர் வளர்ந்த, புழங்கிய சமூகச் சூழல். நிலம், தெரு எதுவும் இதில் வராது, மனிதர்கள்தான். ஓர் எழுத்தாளரின் மில்யூ என்றால் அவரோடு பேசியவர்கள், அவர் படித்தவை, அவர் வீட்டில் நிலவிய பழக்கங்கள். பிரெஞ்சில் 'நடு இடம்'. அதன் பின்பாதியான 'ல்யூ' இடம் என்ற பொருளில்தான் விடுப்புக் கடிதங்களில் வரும் 'இன் லியூ ஆஃப்' என்பதிலும் இருக்கிறது.

கேள்வி: தமிழ்நாட்டு உறவினர்கள் 'காம்பவுண்டு' என்கிறார்கள், ஆங்கிலம்தானே அது? இங்கே ஒருவர் அது மலாய் என்று வாதிடுகிறார். (வாசகர், கிள்ளான்)

பதில்: அவர் வாதத்தில் பலம் இருக்கிறது. வேலியோ மதிலோ சூழ்ந்த வீட்டு இடம் என்ற பொருளில் வரும் காம்பவுண்டு, உங்கள் ஊர்க் 'கம்போங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் வாய் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்றே சொல் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். போர்த்துக்கீசியர் வழியாகவோ டச்சுக்காரர் வழியாகவோ வந்திருக்கலாம். நீங்கள் மலேசியாவில் கம்பத்து வீடு என்று சொல்கிற கம்பமும், மதுரைப் பக்கம் ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகளைக் 'காம்பவுண்டு வீடு' என்கிறார்களே அந்தக் காம்பவுண்டும் ஆக உறவுக்காரர்கள். சொல்லப்போனால் மதுரை வழக்கு மூலப் பொருளுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது, வீடுகள் சேர்ந்த ஒரு கூட்டம் என்பதை அது விடவில்லை. மற்ற இடங்களில் சுவரைச் சொல்லத்தான் காம்பவுண்டு மிஞ்சியிருக்கிறது. வேதியியல் வகுப்பில் வரும் காம்பவுண்டு வேறு, அது சேர்த்து வைப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது.